மேல்பிரிவுச் சிறுமியைப் பாதுகாத்த வரலாறு

இணையத்து ஆபாசத்தை எப்படி ஒழிப்பதென்று உலக நாடுகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைக்கு மேலே, அட்டைப்பூச்சியும் பனிமூட்டமும் மட்டுமே தடையின்றிக் கிடைக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அது மூன்றே மாதத்தில் ஒழிந்துவிட்டது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். நான் 'இணைய ஒழுக்கக் கண்காணிப்புக் குழு'வின் செயலாளர். தலைவர், தோட்ட நலன்புரி அதிகாரி யோகேஸ்வரன்.

அதற்கென வந்த புதிய சட்டம் எளிமையானது. வயது வந்தோருக்கான பக்கம் எதைத் திறப்பதானாலும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, பதினெட்டு நிரம்பியதை நிரூபிக்க வேண்டும். முதல் அறிக்கை வந்த அன்று குழு கைதட்டியது. தோட்டத்தின் மேல்பிரிவு முழுவதிலும் ஒரே ஒருவர்தான் அத்தகைய பக்கங்களைப் பார்த்திருந்தார்: பொன்னையா, வயது எழுபத்தொன்று, அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை.

அவர் இறந்து மூன்று வருடமாகிறது என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். சாவுச் சடங்கு சமயத்தில் பிரதி எடுத்த அவருடைய அட்டை, லயத்துத் தொழிலாளர் குடியிருப்பு இளைஞர்களின் போன்களில் இன்னும் உயிரோடு உலவுவதாகவும் சொன்னார்.

"எப்படிப் பார்த்தாலும் வயசு வந்தவர்தானே," என்றார் யோகேஸ்வரன். அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது.

இந்தச் சாதனைக்கு ஒரே களங்கம், பொன்னையாவின் மனைவி ராசம்மா. ஐம்பத்தாறு வயது, கொழுந்தெடுப்பவர். இடது மார்பில் ஒரு கட்டி. நுவரெலியாவில் இலவச மார்பகப் பரிசோதனை முகாம் நடக்கவிருந்தது. இணையத்தில் பதியும் முதல் நாற்பது பேருக்குத்தான் இடம். டவுனில், எல்லாரும் 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் ஹமீதின் கொமினிகேஷன் கடைக்கு, இணையத்தில் பதிந்து தரச் சொல்லிப் போனார். 'மார்பகம்' என்ற சொல்லைக் கண்டதும் கணினி கூச்சப்பட்டு வயதைக் கேட்டது. இலக்கத்தைக் கொடுத்ததும் கதவைச் சாத்திக்கொண்டது.

"ராசம்மாக்கா, ஒங்களுக்குப் பதினாறு வயசாம்."

"எம் பேத்திக்கே பதினேழு, நானா."

கணினி பொய் சொல்லவில்லை. ராசம்மா பிறந்தபோது யாரும் பதியவில்லை. 2009இல் பிறப்பைப் பதிந்து அடையாள அட்டைக்கு வழிசெய்யும் நடமாடும் சேவை தோட்டத்துக்கு வந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் உத்தியோகத்தர் அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதிவிட்டுப் போனார். திருத்தக் கோரும் விண்ணப்பம் இன்றுவரை 'பரிசீலனையில்' இருக்கிறது.

ராசம்மா குழுவிடம் முறையிட்டார். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை, இன்னும் இரண்டே வருடம் பொறுத்தால் பதினெட்டு ஆகிவிடும் என்று யோகேஸ்வரன் கனிவோடு விளக்கினார்.

"கட்டி பொறுக்குமாங்க ஐயா?"

அது நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் அடுத்த விடயத்துக்குப் போனோம்.

நாற்பதில் ஐந்து இடமே மிச்சம். ராசம்மா தகரப் பெட்டியைத் திறந்து புருஷனின் அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஹமீதிடம் போனார். "இவரப் போடுங்க நானா. இவருக்கு எல்லாத்தையும் காட்டுதாமே." கணினி பழைய வாடிக்கையாளரை மரியாதையோடு வரவேற்றது.

முகாமில் தாதி "பொன்னையா" என்று கூப்பிட, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ராசம்மா எழுந்தார். நேரத்தோடு வந்ததால் சிறிய ஒப்பரேஷனோடு முடிந்துவிடும் என்றார் டொக்டர். தேதியும் கிடைத்தது, பொன்னையாவின் பெயரில்.

விஷயம் தெரிந்ததும் அவசரக் கூட்டம் கூட்டினோம். வயது வராதவர் வயது வந்தோர் பக்கத்தில் நுழைந்தது எந்தத் துணிச்சலில் என்று தலைவர் கேட்டார்.

"பதிமூணு வயசுல தோட்ட வேலைக்கு எம் பேரப் பதிஞ்சு கொழுந்துக் கூடையக் குடுத்தாங்க," என்றார் ராசம்மா. "அன்னைக்கு ஒருத்தரும் வயசு கேக்கலீங்களே, ஐயா."

விடயத்துக்குத் தொடர்பில்லாத கூற்று என்பதால் அதை நான் குறிப்பேட்டில் சேர்க்கவில்லை. குற்றம் நிரூபணமானது. ஆனால் குற்றவாளி சிறுமி என்பதால், அவர் பெயரை, இந்த வரலாறு நீங்கலாக, எக்காரணம் கொண்டும் வெளியிடுவதில்லை என்று தீர்மானித்தோம். சிறுவர் பாதுகாப்பில் எங்கள் குழு அவ்வளவு கண்டிப்பு.

மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு அந்தச் சிறுமி கூடையோடு வந்து நின்றார். மாலைக்குள் பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்கு வயதுச் சரிபார்ப்பு தேவையில்லை.