மலைவிழுங்கி வதமும் ஒழுகும் குழாயும்

வாழ்க வீரன்! ஆயிரமாயிரம் பேர் தத்தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரே மாயக்காட்டில் கூடிப் பொருதும் இணைய விளையாட்டுக்கு வெட்டும் குத்தும் விலகலும் வகுத்தளித்த சண்டைச் சிற்பி, விரல்நுனிப் போரின் விதி எழுதிய வித்தகன், நிஜ வாழ்வில் எறும்புக்கும் ஒதுங்கி வழிவிடும் ஏந்தல், அவன் புகழ் ஓங்குக! அவன் கதை சொல்லப் புகும் எனக்கு, மின்சாரம் போனாலும் பன்னிரண்டு நிமிடம் தாங்கும் யூபிஎஸ் பெட்டியே, நீயே காப்பு. பதின்மூன்றாம் நிமிடத்துக்கு நான் பொறுப்பில்லை.

மற்ற விளையாட்டுகளின் நீதி எதுவென்று கேட்பீராக. அங்கே ஆறு மாதம் முயல் அடித்து அடித்தே லெவல் அறுபதைத் தொட்டவன், அசுரன் முன் நின்று கொட்டாவி விட்டாலும் வெல்வான். நேற்று வந்தவன் தலைகீழாக நின்றாலும் தோற்பான். இவ்வநீதி கண்டு கொதித்தெழுந்தான் நம் வீரன். “என் காட்டில் நேரம் பார்த்து விலகத் தெரிந்தவனே வெல்வான்! லெவல் ஒன்றும் கையில் ஒரு மரக்குச்சியும் போதும்! திறமையன்றி வேறெதுவும் இங்கே செல்லாது!” என்று திக்கெட்டும் அதிர முழங்கினான். முழங்கியது மீட்டிங் அறையில். கேட்டவர் நால்வர், அதில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கொள்கைக்கு உரைகல்லாக அவன் படைத்ததே மலைவிழுங்கி என்னும் மாபெரும் அசுரன். குகைவாயன், குன்றுத்தோளன், இடிக்குரலன், வலக்கையிலே கதாயுதம். அது சிவந்து ஒளிர்ந்தால் அடி விழப்போகிறது என்று பொருள், அந்த ஒளி அணைவதற்குள் விலகிவிட வேண்டும். அசுரனின் அசைவுகளுக்கு ஒரு நடிகரை அமர்த்தக் கம்பெனி மறுத்துவிட்டதால், உடம்பெங்கும் வெள்ளைக் குண்டுகள் ஒட்டிய இறுக்கமான கறுப்பு உடை பூண்டு, துடைப்பத்தைக் கதையெனத் தாங்கி, அசைவைப் பதியும் கேமராக்கள் சூழ இரண்டு நாள் தானே ஆடித் தீர்த்தான் வீரன். பிறந்தது முதல் ஒருவரையும் அடித்தறியாதவன், அடிப்பதுபோல் நடித்தான். அவன் ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் அணுவும் பிசகாமல் அசுரனுக்கு ஊட்டியது. உடையைக் கழற்ற இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்தோ! படைத்த அசுரனை வெல்ல ஒருவருமில்லை. விளையாட்டைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவள், பட்டனைத் தொடுவதும் தெரியாமல் விடுவதும் தெரியாமல் ஆடுவதால் ‘மின்னல்விரல்’ என்று அலுவலகமே அழைக்கும் அந்தப் பெண், முந்நூற்றுப் பன்னிரண்டு முறை மாண்டாள். “சார், ஒளி தெரியிறதும் அடி விழுறதும் ஒண்ணாவே இருக்கு. கனவுல கூட இவன்தான் வந்து அடிக்கிறான்,” என்று அழாக்குறையாகச் சொன்னாள். படைத்தவனே களம் புகுந்தான். நாற்பத்தொரு முறை செத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

கண்டார் மேனேஜர். பிரகடனம் செய்தார்: “வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள மரக்குச்சியோட யாராவது இவனைச் சாய்ச்சுக் காட்டுங்க. இல்லேன்னா எல்லாரையும் மாதிரி நாமளும் லெவல் வெச்சுருவோம். எனக்கும் மேல ஆள் இருக்காங்கப்பா.” வீரன் காலண்டரைப் பார்த்தான். மூன்றாண்டு உழைப்பு, இரவும் பகலும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரே கொள்கை, நாலு மணிக்கு முயல் அடிக்கும் விளையாட்டாகிவிடும்.

இது போதாதென்று அவனுக்கு வீட்டிலும் ஒரு போர்முனை. சமையலறைக் குழாய் நான்கு நாளாக ஒழுகுகிறது. கீழே வைத்த வாளியோ நிரம்பும், கொட்டப்படும், மீண்டும் நிரம்பும். “பிளம்பருக்குப் போன் பண்ணிட்டேன், வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வர்றார்,” என்று இல்லாளுக்கு வாக்களித்திருந்தான் வீரன். அவன் போன் பண்ணவில்லை.

வந்தது வெள்ளி. மணி இரண்டரை. அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள் இல்லாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் முதல் குத்திலேயே பிடிக்கும் நடுங்காக் கையினள்.

“ஏங்க, வீட்டுச் சாவி ரெண்டும் உங்க பையிலயே இருக்கு. அரைநாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். மூணு மணிக்கு பிளம்பர் வந்துருவார்ல?”

“வந்துருவார், வந்துருவார்,” என்றான் வீரன், பிடரியைத் தடவியபடி. இல்லாள் அவனை ஒரு கணம் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வயர்க் காடாகக் கிடந்த பைக்குள் வீரன் சாவி வேட்டையாடுகையில், மின்னல்விரல் முந்நூற்றுப் பதின்மூன்றாம் முறை மாண்டாள். திரையையே பார்த்திருந்த இல்லாள் வாய் திறந்தாள்.

“ஏம்மா, அது தோளைத் தூக்கும்போதே நகர வேண்டியதுதானே?”

“எந்தத் தோள்க்கா?”

“இடது தோள். லேசா ஏறுது பாரு. அப்புறம் அந்தக் கை பிடரிக்குப் போகுது. அதுக்கப்புறம்தான் உன் ஒளி, அடி எல்லாம்.”

கதாயுதத்தையே வெறித்திருந்த கூட்டம் தோளைக் கண்டதே இல்லை, படைத்தவனும் கண்டதில்லை. மின்னல்விரல் எழுந்து இடம் கொடுத்தாள். எது எந்தப் பட்டன் என்று தெரியாமல் ஒருமுறை செத்தாள் இல்லாள். கைப்பையைக் காலருகே வைத்துவிட்டு, மீண்டும் களம் புகுந்தாள்.

ஆகா, அந்தப் போரை என்னென்பேன்! தோள் உயர்ந்தது, அவள் விலகினாள், கதை மண்ணைப் பிளந்தது, குச்சி அசுரன் முழங்காலில் ‘டொக்’ என்றது. மீண்டும் தோள், மீண்டும் விலகல், மீண்டும் டொக். மலைவிழுங்கி சீறினான், சுழன்றான், நெருப்பு உமிழ்ந்தான், பாறைகளைப் பிடுங்கி எறிந்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் எறியுமுன் பிடரியைத் தடவினான் பாவி. இல்லாளோ கண்ணிமைக்காமல், வேர்க்காமல், ஊசி குத்தும் நிதானத்தோடு ஒதுங்கி ஒதுங்கித் தட்டினாள். மணி மூன்றைத் தாண்டியது. பிளம்பர் நினைப்பே இல்லாமல் அவள் ஆடுவது கண்டு, மறந்துவிட்டாள் என்று வீரன் உள்ளூரப் பூரித்தான்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, இருநூற்றுப் பதினேழாவது டொக்கில், காடு குலுங்க, திரை நடுங்க, வேரற்ற மலையென விழுந்தான் மலைவிழுங்கி!

கூடம் ஆர்ப்பரித்தது. “லெவல் கிடையாது! திறமைதான்! எழுதிக்கோங்க!” என்று மேனேஜர் மேசை மீது ஏறப்போய், மேசை ஆடியதால் இறங்கினார். வீரனுக்குக் கண்ணீர் முட்டியது. தன் கொள்கை பிழைத்தது. தன் வீட்டுக்காரியே பிழைக்க வைத்தாள்! இதைவிட என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு? மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடியபோது பையில் சாவியும் கிடைத்தது.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்றாள் மின்னல்விரல்.

“பதினொரு வருஷமா பாக்குறேனே. இவர் பொய் சொல்றதுக்கு முன்னாடி இதேதான் பண்ணுவார்.”

அடிப்பதாகப் பொய்க்கு நடித்த உடம்பு, தன் பொய்ப் பழக்கத்தையும் சேர்த்தே அசுரனுக்கு ஈந்துவிட்டது! அலுவலகம் முழுவதும் மெல்லத் திரும்பி வீரனைப் பார்த்தது.

“ஐயோ அக்கா, மூணு மணிக்கு வீட்டுக்கு பிளம்பர் வர்றதா சொன்னீங்களே!” என்று பதறினாள் மின்னல்விரல்.

“வரமாட்டார்ம்மா. எனக்கு ரெண்டரைக்கே தெரியும்.”

வெகுண்டான் வீரன். திறமையே வாய்மை, வாய்மையே திறமை என்று உலகுக்கு உணர்த்தவல்ல பேருரை ஒன்று அவன் நெஞ்சில் பொங்கி, தொண்டையில் திரண்டு, நாநுனியில் வந்து நின்றது. “என்னம்மா இப்படிச் சொல்றே, சத்தியமா நான் அன்னிக்கே...” என்று அவன் வாயெடுத்த அக்கணமே, அவன் இடது தோள் லேசாக உயர, இடது கை பிடரியை நோக்கிக் கிளம்ப, மேனேஜர் முதல் மின்னல்விரல் வரை அக்கூடத்தில் நின்ற பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சட்டென்று விலகினார்கள்.

அவன் கையை இறக்கிவிட்டு பிளம்பருக்குப் போன் செய்தான்.