செல்ல மதகு

மழை பெய்தால் அரசரின் கருணை, பெய்யாவிட்டால் மக்களின் குணக்கேடு என்று நம்பிய நெடுங்கரை நாட்டில் ஒரு பேரேரியும் அதற்கு இரண்டு மதகுகளும் இருந்தன. மேல் மதகுக்கு ஆண்டான் என்று பெயர். அது அமைச்சர்களின் வயல்களுக்குப் பாய்ந்தது. கீழ் மதகுக்கு அடிமை என்று பெயர், அது மற்றவர்களுக்கு. ஆண்டானின் வயல்கள் நிரம்பி வழிந்த பிறகே அடிமையைத் திறக்க வேண்டும் என்பது நிலையாணை. மதகுக் காவலர் ஊராரோடு பழகிவிடக் கூடாதென்று வாரந்தோறும் ஆளை மாற்றுவார்கள். வருகிறவர் மதகில் தொங்கும் பலகையையும் கையிலுள்ள ஆணையையும் மட்டும் பார்த்துத் திறப்பார்.

அந்த ஆணைகளைச் சரிபார்க்கும் அதிகாரி அலர்மதி. கீழ்க்கரையில் பிறந்தவள். அடிமை என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் இரண்டு திருத்தங்கள் எழுதி அனுப்பினாள்: பெயரை மாற்றுங்கள், தண்ணீரையும் முறை வைத்து விடுங்கள்.

சொல்துறை அமைச்சர் வாக்கீசர் முதல் திருத்தத்தைப் படித்துக் கண்கலங்கினார். கலங்கிய கண்ணுக்கு இரண்டாவது தெரியவில்லை.

ஆண்டான், 'முதல் மதகு' ஆனது. அடிமை, 'செல்ல மதகு' ஆனது. நிலையாணையிலும் அப்படியே எழுதினார்கள். விழாவுக்கு யானை வந்தது. அலர்மதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டு வாசலில் அவள் தம்பி கார்வண்ணன் காத்திருந்தான். "பேரு நல்லா இருக்குக்கா. பேரை நாத்துக்குப் பாய்ச்சலாமா? இன்னும் ஒரு வாரத்துல எல்லாம் கருகிடும்."

புகார் கொடுக்கப் போன உழவர்களை வாக்கீசர் அன்போடு திருப்பி அனுப்பினார். "செல்லப் பிள்ளையைப் பட்டினி போடும் வீடு உண்டா? ஆகவே உங்கள் புகார் பொய்." வாய்தவறிப் பழைய பெயரைச் சொன்ன இருவர் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆணையில், அதே தண்டனையோடு, வெடித்த நிலம் 'மலர்ந்த நிலம்' ஆனது. நிலம் மலர்ந்துவிட்ட ஊருக்குக் குடிநீர் வண்டி எதற்கு என்று அதையும் நிறுத்தினார்கள்.

காவலர் மாறும் நாளுக்கு முந்தின நாள் அலர்மதி மறுபடி வந்தாள். இம்முறை ஒரே திருத்தம்.

"கீழ்க்கரையாரைச் செல்லம் என்று கொஞ்சினால் போதுமா, ஐயா? முதல் என்றே போற்றினால் உங்கள் புகழ் அண்டை நாடுகளிலும் பரவும். பலகைகளை மாற்றி மாட்டினால் சரி."

"தண்ணீரைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாயா?"

"ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை, ஐயா."

அமைச்சர் கையெழுத்திட்டார்.

மறுநாள் புதிய காவலர் பலகையைப் படித்தார், ஆணையைப் படித்தார், முதல் மதகைத் திறந்தார். கீழ்க்கரை வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கார்வண்ணனின் நாற்றங்கால் தலை நிமிர்ந்தது.

மேல்வயல்கள் காய்ந்ததும் வாக்கீசர் வாழ்நாளில் முதன்முறையாக வரப்பில் நடந்து, அலர்மதியைத் தேடி வந்தார். "பலகையையா பார்ப்பது, அம்மா? தண்ணீர் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்! என் நிலம் வெடித்துக் கிடக்கிறது!"

அலர்மதி பதறிப்போனாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாக, ஐயா. மலர்ந்து கிடக்கிறது என்று சொல்லுங்கள். சிறைக்காவலர் யாராவது கேட்டுவிடப் போகிறார்."