ஐந்தாவது படியில் ஏறிய வீரகத்தியர்

"படி அஞ்சு. ஒண்டு குறைஞ்சாலும் குடிபுக மாட்டன்!" என்று வீரகத்தியர் மேசனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் பெரிய காரணம்தான். பக்கத்து வளவுக் கதிர்காமநாதன் வீட்டுக்கு நாலு படி.

மனைவி நேசமலருக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் வலது கால் சூம்பிப்போனது. தடியூன்றித்தான் நடப்பாள். அத்திவாரம் வெட்டும்போதே கேட்டுப் பார்த்தாள்.

"படி வேண்டாமப்பா. சரிவாக் கட்டுவியுங்கோ."

"சரிவோ? அது மாட்டுக்கொட்டிலுக்கெல்லோ!"

"மாடு குடுத்து வைச்சது."

குடிபூரலுக்கு வந்த சனம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததில் வீரகத்தியரின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. நேசமலருக்கோ புதுவீடு காவற்பரண் ஆகிவிட்டது. கிணறும் கக்கூசும் கீழே. ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தித்தான் இறங்கவேண்டும். இரண்டு தரம் உருண்டும் போனாள். கடைசியில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். குடித்தால்தானே கீழே போகவேண்டும்!

நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்துவிட்டன. வீரகத்தியர் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏன் பிள்ளை தண்ணி குடிக்கிறேல்லை?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"குடிச்சா அஞ்சு படி இறங்கவேணும் ஐயா."

டாக்குத்தர் பார்த்த பார்வையில் வீரகத்தியர் கூனிக் குறுகிப்போனார். மனைவி என்றால் அவருக்கு உயிர். ஆனால் படியை இடித்துச் சரிவு வைத்தால் ஊர் சிரிக்காதா? கதிர்காமநாதன் சிரிக்காமல் விடுவாரா? யோசித்து யோசித்துத் தலை வெடித்ததுதான் மிச்சம்.

நேசமலர் அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, கதிர்காமநாதனண்ணை விறாந்தைக்கே மோட்டச்சைக்கிள் ஏறச் சரிவு கட்டப்போறாராம்."

"என்னது?"

"படி வைச்ச வீடெல்லாம் இனிப் பழசாம்."

"ஆர் சொன்னது?"

"ஊரெல்லாம் அதுதான் கதை."

மத்தியானச் சோற்றுக்கு முன் மேசன் வந்துவிட்டார். நேசமலர் விறாந்தையில் கதிரை போட்டிருந்து மேற்பார்வை செய்தாள். "செங்குத்தா வேண்டாம், நல்லா நீட்டி விடுங்கோ. இவற்ர மோட்டச்சைக்கிள் பாவம், இளைச்சுப்போம்."

சீமெந்து காய்ந்ததும் வீரகத்தியர் ஹோர்ன் அடித்தபடி விறாந்தைக்கு ஏறினார். அவர் ஏறிய வழியால் நேசமலர் தடியூன்றி மெல்ல மெல்ல இறங்கினாள். அதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? நேரே வேலிக்கு ஓடினார்.

"என்ன கதிர்காமநாதன், உம்மட சரிவு எப்ப?"

"எனக்கென்னத்துக்குச் சரிவு? மோட்டச்சைக்கிளைப் போன கிழமையே வித்துப்போட்டனே!"

வீரகத்தியர் தீயாய்த் திரும்பி வந்தார். நேசமலர் கிணற்றடியில் செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு! அதைக் கண்டதும் அவருக்குக் கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏனப்பா பொய் சொன்னனீ?"

"பொய்யோ? உங்கட சரிவைப் பாத்திட்டு அவற்ர மனுசி, தங்களுக்கும் வேணுமெண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறாவாம். பிடிச்சு நடக்கக் கம்பியும் வைக்கினமாம்."

"கம்பியோ!"

அடுத்த நிமிடம் வீரகத்தியர் கடைக்குப் போக மோட்டச்சைக்கிளை உதைத்தார். படலையைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ, கம்பி என்ர இடுப்பளவு உயரம் இருந்தாப் போதும்!"