கிழக்கே பொங்கிய பால்

என் மாமியாரை நான் ஒரே ஒரு தடவைதான் கொல்லப் பார்த்தேன். அதுவும் முழுக்க முழுக்கப் பாசத்தால். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த நேரத்தில் நான் பேசிய பேச்சு வீடியோவில் பதிவாகியிருப்பதுதான் காரணம்.

1998. நியூ ஜெர்ஸியில் ஐசலினுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட். என் வீட்டுக்காரர் செந்திலுக்கு மென்பொருள் வேலை, எனக்கு எச்-4 விசா. அதாவது கணவரோடு குடியிருக்கலாம், சமைக்கலாம், சம்பளத்துக்கு மட்டும் எதையும் செய்யக்கூடாது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள் நான். வகுப்பில் இரண்டே பெண்கள். (இன்னொருத்தி பாதியில் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டாள், துரோகி.) லேத் முன்னால் நின்ற கை, இங்கே வந்து காலையில் சட்னி அரைத்தது, மதியம் துணி மடித்தது, சாயங்காலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாராவது ஒரு ஸ்பானரைக் கண்ணில் காட்டினால்கூட அழுதுவிடுவேன் என்ற நிலைமை.

அப்போதுதான் கொங்கு நாட்டுக் கோபியிலிருந்து அத்தை ஆறு மாதத்துக்கு வந்து இறங்கினார். செந்திலின் அம்மா. அவருக்கு நயாகராவைப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ("எந்தக் கத்தியில எதை வெட்டுனானோ, ஆருக்குத் தெரியும்?") குளிர் பட்டாலோ இரண்டு முட்டியும் பூட்டிக்கொள்ளும். ஆக, ரசம் வைக்க அடுப்பும் முட்டிக்கு ஹீட்டரும் உள்ள ஒரு வண்டி வேண்டும்.

பக்கத்து ஊரில் ஓர் அமெரிக்கத் தாத்தா தன் பழைய கேம்பர் வேனை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் இருவரின் வயதுக்கும் கொஞ்சம்தான் குறைவு அந்த வண்டிக்கு. அடுப்பு இருந்த இடத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஹீட்டர் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

"உள்ள எல்லாத்தையும் நானே மாட்டிடறேன்" என்றேன்.

செந்தில் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லா வினைக்கும் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தை சிரிக்கவில்லை.

"எதுக்குடா சிரிக்கறே? படிச்ச புள்ள செஞ்சா சரியாத்தான் இருக்கும். நீ செய்யி அம்மிணி."

அந்த நம்பிக்கைதான் என்னை மாட்டிவிட்டது. சிரித்தவரிடம் தோற்றுப்போனால் அசடு வழிந்துவிட்டுப் போய்விடலாம். நம்புகிறவரைக் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டுமே!

இரண்டு மாதம் அந்த வேனுக்குள்ளேயே கிடந்தேன். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து இரட்டை அடுப்பு ஒன்று கிடைத்தது. தீ அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும் நவீன அடுப்பல்ல. நம் ஊர் அடுப்பு மாதிரி, திருகியது திருகியபடி கேஸ் வந்துகொண்டே இருக்கும். ஹீட்டரும் அங்கேயே கிடைத்தது. சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். வண்டிக்குள் குளிர் ஏறினால் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். உடனே சீட்டுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் தானே ஒரு தீப்பொறியை உண்டாக்கிப் பற்றிக்கொள்ளும். சரியாகப் பொருத்தினால் அந்தப் பொறி ஹீட்டர் பெட்டியைத் தாண்டி வெளியே வராது. பொருத்தியது நான்.

ஹீட்டரோடு ஒரு கையேடு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி 'மரணம்' என்று போட்டிருந்தது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், மரணம். இந்தத் திருகு தளர்ந்தால், மரணம். ஆறு தடவை படித்தேன். அதற்கப்புறம் கண்ணை மூடினால் வேன் ஆகாயத்தில் பறந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசி, நுரைக்குமிழி வருகிறதா என்று மூக்கு படுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மறுநாள் போய் மறுபடி பூசுவேன். பயத்தில் நான் பூசிய சோப்புக்கு அந்த வேனையே குளிப்பாட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஹீட்டர் எரிந்தது. குதித்தேன். சனிக்கிழமை, கடைசி வேலையாக, அத்தை உட்காரும் சீட்டுக்கு முன்னால் ஒரு மேசையை நிறுத்தி, நீளத் திருகுகளை முறுக்கி இறக்கினேன். உட்கார்ந்தபின் மேசையைத் தூக்கித் தாழ்ப்பாள் போட்டால் ஆடாது, அசையாது. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம்தான். திறக்க வேண்டுமென்றால் சுத்தியலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும்.

"புது அடுப்புல பால் காய்ச்சாம எப்படி?" என்றார் அத்தை.

அதுவும் நியாயம்தானே! ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், நாலு தமிழ்க் குடும்பம் ஸ்வெட்டரும் பட்டுப்புடவையுமாகக் கூடியது. செந்தில் வீடியோ கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டார், கோபிக்கு அனுப்ப. பால் கிழக்குப் பக்கம் பொங்கினால்தான் விசேஷம் என்று அத்தை சொல்லியிருந்தார். அதை யதேச்சையாக விட்டுவிட நான் என்ன சாதாரண மருமகளா? மேற்குப் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, வண்டியைக் கிழக்கே சரித்து, பாத்திரத்தில் விளிம்புவரை பாலை ஊற்றினேன். மெக்கானிக்கல் மூளை.

அத்தை சீட்டில் உட்கார்ந்தார். மேசையைத் தூக்கித் தாழ்ப்பாளை அடித்து இறக்கினேன். தெர்மோஸ்டாட்டைப் போட்டேன். அடுப்பு எரிகிற சூட்டில் வேன் வெதுவெதுப்பாக இருந்ததால் ஹீட்டருக்கு இன்னும் வேலை வரவில்லை.

பால் பொங்கியது. கிழக்கேதான். சும்மா பொங்கவில்லை, கொட்டியது. "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று வெளியே கைதட்டல். நான் நாட்டியக்காரி மாதிரி இறங்கி வந்தேன்.

"கதவச் சாத்து அம்மிணி, முட்டிக்குக் குளுருது. நான் சூடம் காட்டிப்போட்டு வாரேன்" என்றார் அத்தை.

சாத்தினேன். சாத்திவிட்டு, எல்லாரையும் வண்டிக்குப் பின்னால் அழைத்துப்போய் கேஸ் சிலிண்டரையும் குழாயையும் காட்டி, பாதுகாப்பு என்றால் என்ன என்று ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீர் அத்தியாயம் முடியும்போது, பக்கத்து வீட்டு வசந்தா அக்கா மூக்கைச் சுளித்தார். மெட்ராஸ்காரர், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"ஏய், உள்ள யாராவது முட்டைக்கோஸ் வேக வெச்சிருக்கீங்களா? அழுகிப்போன மாதிரி நாறுதே."

"அப்படி ஒரு நாத்தம் வந்தா கேஸ் லீக்காகுதுன்னு அர்த்தம்க்கா" என்று நான் பெருமையாகப் பாடம் சொன்னேன்.

சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பொங்கிய பால் அடுப்பை அணைத்திருந்தது. அடுப்பைத் திருகும் குமிழ் முழுசாகத் திறந்திருந்தது. நான் எப்பேர்ப்பட்ட குழாய்களுக்கெல்லாம் சோப்பு பூசினேன்! பால் வழிந்தால் தீ அணையும் என்ற, அடுப்படியில் தினம் பார்க்கிற விஷயம் இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. உள்ளே அத்தை மூக்குக்கும் முட்டிக்கும் தைலத்தை அப்பியிருந்ததால் அவருக்கு வேறு எந்த வாசனையும் தெரியாது. கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணைத் திறந்து, தீக்குச்சியை எடுத்து உரசப் பெட்டியில் வைத்தார்.

கதவை இழுத்துத் திறந்தேன். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே அப்போது தெரியாது. வீடியோவில் தெளிவாக இருக்கிறது.

"ஏய்! பத்த வெச்சீன்னா கொன்னுபோடுவேன்!"

கொங்கு நாட்டில் மாமியாரிடம் ஒரு 'ங்க' குறைந்தாலே ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள். நான் 'ஏய்' போட்டேன். தீக்குச்சி கீழே விழுந்தது. வெளியே நாலு குடும்பமும் பேயறைந்த மாதிரி நின்றது.

"எங்கம்மாவப் பாத்தா சொல்றே?" என்று செந்தில் பாய்ந்து வந்தார். கேமராவை மட்டும் நிறுத்தவில்லை.

"கேஸ்! கேஸ் முழுக்க நெறஞ்சிருக்கு! அந்தக் கேமராவைத் தூரப் போட்டுட்டு சிலிண்டரை மூடுங்க!"

மூச்சை அடக்கிக்கொண்டு ஏறி அடுப்புக் குமிழைத் திருகி மூடினேன். கதவு அகலத் திறந்திருந்தது. ஜில்லென்று காற்று உள்ளே வந்தது. அப்பாடா, கேஸ் வெளியே போய்விடும் என்று நினைத்த அதே நொடியில் ஹீட்டர் ஞாபகம் வந்தது.

கதவைச் சாத்தினால் கேஸ் போகாது. திறந்து வைத்தால் வண்டி குளிரும். குளிர்ந்தால் அது 'டிக்' என்னும். அப்புறம் பொறி. கேஸ் தரையில்தான் தேங்கும். ஹீட்டர் இருப்பதும் தரையில்தான், அத்தையின் சீட்டுக்கு நேர் அடியில். அவர் முட்டிக்கு இதமாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்தெடுத்த இடம்.

தெர்மோஸ்டாட் அத்தையின் முதுகுக்குப் பின்னால், என் கைக்கு ஒரு முழம் எட்டாமல் இருந்தது. அவரைத் தொடச் சொல்லலாமா? வீட்டுத் தெர்மோஸ்டாட்டில் அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "குளிருச்சுன்னா மேல தள்ளுங்க." அவருக்குத் தெரிந்த ஒரே திசை மேலே! மேசைத் தாழ்ப்பாளையோ சுத்தியலால் அடித்தால்தான் திறக்க முடியும். இரும்பில் இரும்பு. கையேட்டின் பதினோராவது பக்கம். மரணம்.

நம் ஊர்ச் செய்தித்தாளில் ஸ்டவ் வெடித்தால் போவது எப்போதும் மருமகள்தான். இங்கே மாமியார். அதுவும் 'கொன்னுபோடுவேன்' என்று சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டு. எந்த நீதிபதி என்னை விடுவார்? இதெல்லாம் பின்னால் தோன்றியது. அப்போதோ, வெறுங்கையால் தாழ்ப்பாளைப் பிறாண்டிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

"நைன் ஒன் ஒன் கூப்பிடட்டுமாடீ?" என்று கத்தினார் வசந்தா அக்கா.

"வேண்டாங்க்கா! கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு!" என்றார் செந்தில், சிலிண்டரை மூடிக்கொண்டே. (அம்மா உள்ளே, கிரீன் கார்டு வெளியே. இதுவும் வீடியோவில் இருக்கிறது.)

"அத்தை, என்னால முடியலைங்க... வெடிச்சுரும்... எப்படியாவது வெளிய வந்துருங்க!"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார். சீட்டின் மேல் ஏறினார். வந்த நாளிலிருந்து படி ஏறத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேனே, அந்த முட்டியை மேசைமேல் வைத்து, தவழ்ந்து வந்தார். பாதி மேசையில் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

நான் அவரைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பயம் என்றால் அதுதான் பயம். அம்மா ஞாபகம் வரவில்லை, கடவுள் ஞாபகம் வரவில்லை. தைல வாசனை மட்டும் வந்தது. 'இவங்க நம்பி உட்கார்ந்தாங்களே' என்பது மட்டும் தோன்றியது.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரமும் ஒன்றும் நடக்கவில்லை. செந்தில் வந்து இரண்டு பேரையும் சேர்த்து வெளியே இழுத்தார். புல்தரையில் போய் விழுந்தோம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அத்தை மூச்சு வாங்கினார், கலைந்த கொண்டையை முடிந்தார், அப்புறம் கேட்டார்:

"பால் கெழக்கால தானே அம்மிணி பொங்குச்சு?"

சாயங்காலம்வரை காற்றாட விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் ஏன் எரியவில்லை என்று செந்திலும் நானும் தேடினோம். சனிக்கிழமை மேசைக்கு முறுக்கிய நீளத் திருகுகளில் ஒன்று, சீட்டுக்கு அடியில் போன தெர்மோஸ்டாட் வயரைக் கச்சிதமாக அறுத்திருந்தது. டிக் என்ற செய்தி ஹீட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. அத்தையைச் சிறை வைத்த மேசைதான் அத்தையைக் காப்பாற்றியிருந்தது. என் படிப்பு எங்களைக் கொல்லப் பார்த்தது, என் மட்டமான வேலை தடுத்துவிட்டது.

அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பால், குமிழ், வயர், ஒன்றையும் மறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, அந்த ஹீட்டரக் கழட்டி வீசு. நாலு கம்பளி எடுத்துக்கலாம்" என்றார். நயாகராவுக்கு அதே வேனில்தான் போனோம். ரசம் கொதிக்கும்போதெல்லாம் நான் குமிழை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

ஆனால் பார்க்கிங்கில் நின்றவர்கள் ஊருக்குச் சொன்னது வேறு கதை. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனால், ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கும் பெண்கள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், "எப்படிக்கா அவ்ளோ தைரியம் வந்துச்சு?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். கோபிக்குப் போன கேசட்டை அத்தை எந்த விருந்தாளிக்கும் போட்டுக்காட்டாமல் விட்டதில்லை. 'கொன்னுபோடுவேன்' வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இரண்டாம் தடவையும் போடுவாராம்.

2001-இல் நாங்கள் வீடு வாங்கினோம். சமையலறையில் கரண்ட் அடுப்புதான் இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பால் காய்ச்ச அத்தை மறுபடி வந்தார். கூடம் நிறைய ஆள்கள், வசந்தா அக்கா முன்வரிசையில். குத்துவிளக்கு முன்னால் தீப்பெட்டியை எடுத்த அத்தை, குச்சியைப் பெட்டியில் வைத்து, அப்படியே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மருமகளே, பத்த வெக்கட்டுங்களா? கொன்னுபோட மாட்டீங்கல்ல?"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அது கேஸே இல்லாத வீடு என்று தெரிந்திருந்தும், மூக்கை ஒருமுறை நன்றாக உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்:

"வெக்கலாமுங்க அத்தை."