சம்பந்திக்கு ஒசத்தியாய் ஒரு மசாஜ்

என்னைப் பற்றி நானே 'ஒசத்தி' என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அடுத்தவரைச் சொல்லப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

மூத்தவளுக்கு வடகரையிலிருந்து வரன் வந்திருந்தது. பையனின் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "சாரல் நல்லா விழுது. குத்தாலத்துக்கு வாங்க, குளிச்சிட்டுப் பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லி அனுப்பினார். பெண்கள் லாட்ஜில் காத்திருக்க, நாங்கள் இருவரும் அருவிக்குக் கிளம்பினோம்.

என் மனைவி ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். "மாப்ள வீட்டுக்காரவுக. எதுலயும் நம்மள விட ஒசத்தியா வைங்க." (புது ஆளைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.)

குளிக்குமுன் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தோம். ஆளுக்கொரு மசாஜ்காரர். என் தோளில் இரண்டு தட்டு விழுந்ததும் கடமை ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, அவுகளுக்கு என்னைய விட ஒசத்தியாச் செய்யுங்க" என்றேன், ஏட்டையாவின் ஆளிடம்.

அவர் கைலியை ஏற்றிக் கட்டினார். ஏட்டையாவின் முதுகில் விழுந்த அறையில், மதில்மேல் இருந்த குரங்கு பஜ்ஜியைப் போட்டுவிட்டு ஓடியது.

ஏட்டையா மரியாதை தெரிந்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு என் ஆளிடம், "பொண்ணைப் பெத்தவுக அவுக. அவுகளுக்குத்தான் ஒசத்தியாச் செய்யணும்" என்றார்.

என் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏலே, ஒங்கை என்ன எங்கையை விட ஒசத்தியாலே?" என்று மற்றவரைப் பார்த்துக் கத்தியபடியே என் கழுத்தில் நெட்டி எடுத்தார். தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். மகள் வாழ்க்கையாயிற்றே! "அவுகளுக்கு இன்னும் கொஞ்சம்…" என்று முனகினேன். "சேச்சே, மொதல்ல அவுகளுக்கு…" என்று அவரும் முனகினார். எங்கள் உபசாரம் முற்ற முற்ற, அடியும் முற்றியது. அருவிக்குப் போன கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது.

"ஏட்டி, இங்கன வந்து பாரு! ரெண்டு பேரும் கேட்டுக் கேட்டு வாங்குதாங்க!" என்றாள் ஒருத்தி.

லாட்ஜுக்குத் திரும்பியதும் என் மனைவி, "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டாள். ஏட்டையாவின் கழுத்து இடமும் வலமும் திரும்புகிற நிலையில் இல்லை. மேலும் கீழும் மட்டுமே அசைந்தது. உடனே குலவை போட்டுவிட்டார்கள். அவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் சண்டை வந்தால், "எங்கப்பா அடி வாங்கிக் கட்டி வச்ச கல்யாணம் இது" என்று மகள் கண்ணைக் கசக்குவாள். மாப்பிள்ளை விடமாட்டார்.

"எங்கப்பா வாங்குன அடி அதைவிட ஒசத்தி."