கண்டனப் பதாகையில் தங்கள் உபயம்

லகாட் பழைய தோட்டம்,
பேராக்.

ஈப்போவில் வாழும் மதிப்பிற்குரிய ஐயா சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு, பழைய தோட்ட வீட்டுரிமைக் குழுவின் செயலாளர் சுகுமாரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி கலாதேவியும் குழுவினர் எல்லாரும், தங்கள் அறக்கட்டளை புண்ணியத்தில் ஓடும் வேனும் சுகம். வேனுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே தங்கள் சுகமும் மகள் நித்யகல்யாணியின் சுகமும் அறிய ஆவல். தங்கள் துணைவியார் மீனாள் ஆச்சியின் சுகத்தை அறியக் கூடுதல் ஆவல். அன்று தங்கள் அலுவலகத்தில் உறுமி மேளம் முழங்கியபோது ஆச்சி நெஞ்சில் கை வைத்ததை நான் பார்த்தேன்.

அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தோட்டத்தை வாங்கிய நிலக் கம்பெனி, மாற்று வீடு கட்டித் தருகிறோம் என்று சொன்னதை வசதியாக மறந்துவிட்டு எங்களைக் காலி செய்யச் சொல்வதும், வரும் திங்கட்கிழமை எங்கள் வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதும் தாங்கள் அறிந்ததே. தங்களுக்கு முன்பும் எங்களுக்கு உதவ ஆள்கள் வந்தார்கள் ஐயா, இல்லையென்று சொல்லக் கூடாது. ஒரு சங்கம் சட்டை மட்டும்தான் தருவோம் என்றது. தோட்டமே ஒரே நிறத்தில் நடமாடியது, நீதிமன்றத்துக்குப் போகத்தான் வண்டி இல்லை. இன்னொரு சங்கம் ஹோட்டலில் வைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தது. போனவர்கள் எல்லாரும் தலைவர்களாகத் திரும்பி வந்ததில், கூட்டத்துக்குப் பாய் விரிக்க ஆள் கிடைக்காமல் நானும் கலாதேவியும் அல்லாடினோம். தங்கள் மகளும் முதல் நாள் வந்தபோது, இந்தச் சமூக மாற்றம் எத்தனை மாதத்தில் முடியும் என்றுதான் கேட்டார். அதை நிலக் கம்பெனியிடம் கேட்க வேண்டும் என்றேன். வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். அவர் சிரித்தார், சாயங்காலம் வரை எங்கள் வீடுகளில் உட்கார்ந்து பேசினார், அடுத்த வாரமே தங்கள் பதிலோடு வந்தார். எதற்குச் செலவு செய்வது என்று நாங்களே முடிவு செய்யலாம், வீடு கிடைக்கும் வரை தாங்கள் கூடவே இருப்பீர்கள், ஆனால் தங்கள் பெயர் எங்கும் வெளியே வரக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் குழுத் தலைவி காளியம்மா அக்கா கோயில் கமிட்டியிலும் இருப்பவர். கோயிலுக்கு உபயம் தருகிறவர்கள் யார்தான் பேர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தார்கள்? அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாமும் ட்யூப் லைட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை எழுதத்தான் செய்வோம். "பேரு வேணாம்னு சொல்றது பெரிய மனுசங்க வழக்கம்லா. அதுக்காக நம்ம போடாம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் அக்கா. கோயிலுக்கு எழுதும் பெயிண்டர் பத்துமலையையே கூப்பிட்டோம். நிலக் கம்பெனி வாசலில் நாங்கள் பிடித்து நின்ற பதாகையில், 'முதலாளிகளே, உங்கள் வயிறு நிறையவே நிறையாதா?' என்று சிவப்பிலும், அதன் கீழே 'உபயம்: சிவசுப்பிரமணியன் மீனாள் குடும்பத்தார், ஈப்போ' என்று பொன் நிறத்திலும் இருந்தது. வெயிலில் பொன் நிறம்தான் எடுப்பாகத் தெரிந்தது. உங்கள் தலைவர் யார் என்று காவலுக்கு வந்தவர் கேட்டபோது, எல்லாரும் ஒரே சமயத்தில் பதாகையைக் காட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். உபயகாரருக்கு மரியாதை செய்யாமல் எப்படி விடுவது என்று, மாலை, சர்க்கரைப் பொங்கல், எங்கள் தோட்டத்துப் பையன் யுகேந்திரனின் உறுமி மேளம் சகிதம் தங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டோம். அங்கே தங்களோடு வியாபாரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதே நிலக் கம்பெனிக்காரர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களும் உபயகாரர்கள் என்று நினைத்து அக்கா பொங்கல் கொடுத்தார். ஒருவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். யுகேந்திரன் தங்கள் கழுத்தில் மாலையைப் போட்டு, எங்கள் போராட்டத்தின் உபயகாரர் என்று உரக்கச் சொன்ன பிறகுதான் அவர் கையில் கரண்டி நின்றது.

அன்றிலிருந்து தங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. கோபம் நியாயமானது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கே கிளம்பினாலும் முதலில் பெரட்டுக் களத்தில்தான் கூடுவோம். அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் முன் ஆள் கணக்கு எடுத்த அதே இடம். அக்கா ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், இருக்கிறவர்கள் குரல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் பாதிப் பேருக்குப் பதில் வராது. தொழிற்சாலைக்குப் போகும் வீரம்மாவுக்கு ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும். அப்பாவு அண்ணனுக்குப் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போராட்டம் என்றால் கோஷம் போடுவது என்று வெளியே நினைக்கிறார்கள். யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, யார் வீட்டில் யார் சோறு ஆக்குவது என்பதுதான் ஐயா முக்கால்வாசிப் போராட்டம். அந்த ஒரு நாள் சம்பளத்துக்கும் துணைக்கு வரும் ஆளுக்கும் செலவு செய்ய வேறு யாரும் ஒத்துக்கொண்டதில்லை, தாங்கள் ஒத்துக்கொண்டீர்கள். இப்போது அக்கா கூப்பிட்டால் எல்லாப் பேருக்கும் பதில் வருகிறது. முதல் நாள் அப்படி வந்தபோது அக்கா நம்பாமல் முதலிலிருந்து இன்னொரு முறை கூப்பிட்டார்.

எனவே தாங்கள் விலகினாலும் எங்களுக்கு வருத்தமில்லை. இல்லை, வருத்தம் உண்டு, கோபம்தான் இல்லை. எல்லாப் பதாகையிலும் தங்கள் பெயரைப் பத்துமலை பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டான், நித்யகல்யாணிக்குப் படமும் அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை நாங்கள் பஸ் பிடித்தாவது போய்ச் சேர்ந்துகொள்வோம். தாங்களோ ஆச்சியோ அந்தப் பக்கம் வந்து இன்னும் சங்கடப்பட வேண்டாம்.

தங்கள் குடும்பமும் வியாபாரமும் தழைத்தோங்க எங்கள் மாரியம்மன் துணை இருக்கட்டும். ஆச்சிக்கு எங்கள் எல்லாருடைய அன்பு, மேளம் இல்லாமல்.

இப்படிக்கு,
சுகுமாரன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நித்யகல்யாணி போன் செய்தார். எங்களை விட்டுவிடும்படி அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் சொன்னார்களாம். தாங்கள் அவர்களை விட்டுவிட்டீர்களாம். கைவிட்டுப் போன வியாபாரத்தைச் சரிக்கட்டும் அலைச்சலில்தான் எங்களிடம் பேச முடியவில்லையாம். "பேர மறைச்சது நல்லதுதான். திங்கக்கிழமை வேன்ல எனக்கும் ஆச்சிக்கும் எடம் போடச் சொல்லு" என்று தாங்கள் சொன்னதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலாதேவிதான் போனை வாங்கிப் பேசினாள். தங்களுக்கு முன் சீட் ஒதுக்கலாம் என்றேன், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "முன் சீட்டெல்லாம் அப்புறம்லா. அவங்களும் பெரட்டுல நிக்கட்டும், பேரு கூப்புடுறேன்" என்கிறார். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் திங்கட்கிழமை விடியற்காலை வந்துவிடுங்கள். தங்கள் பெயரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் ஐயா. அக்காவுக்கு ஒரு காது மந்தம்.