காக்காய்க்கு மட்டும் நியர்

வெள்ளைக்காரன் இந்த மலையில் தேயிலையை விட்டுப் போனான், மலை ரயிலை விட்டுப் போனான். அதையெல்லாம் நியர் பாய் மன்னித்துவிட்டார். 'நியர்' என்கிற ஒரு வார்த்தையை விட்டுப் போனதை மட்டும் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லோடு நேருக்கு நேர் சண்டை போட்டு, அதையே பட்டப்பெயராகவும் வாங்கிக்கொண்ட மனிதர் நீலகிரி மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவி பாயம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பாயம்மாவைக் கேட்டால் அவரும் கொஞ்சம் யோசிப்பார்.

கோத்தகிரி பஜாரில் அவருக்குக் குடைக்கடை. குடையோடு மழைக்கோட்டு, கம்பூட்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் கிடைக்கும். அதற்கு அடுத்த கதவு கூரியர் ஆபீஸ். அங்கே பார்சல்களைப் பிரித்து அடுக்குவதும், ஆட்களுக்குப் போன் போடுவதும், திட்டு வாங்குவதும் என் வேலை. திட்டில் பாதி வாடிக்கையாளர்கள் கொடுப்பது. மீதி முழுக்க பாய் கொடுப்பது.

அவர் திட்டியதில் நியாயம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைன்களில் வீட்டுக்கு நம்பர் இருந்தாலும் தெருவுக்குப் பெயர் இருக்காது. செல்போனில் சாமான் வாங்குகிற ஜனங்கள், முகவரி கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, எல்லோரும் பேசிவைத்துக்கொண்டது போல ஒன்றையே எழுதினார்கள்: 'நியர் குடைக்கடை, கோத்தகிரி'. எழுதினவர் வீடு இரண்டு மலை தாண்டி இருக்கும். எங்கள் வண்டி அந்தப் பாதையில் ஏறாது. பார்சல் குடைக்கடையில் இறங்கிவிடும்.

"ஏனம்மணி, நான் குடை விக்கறனா, சத்திரம் நடத்தறனா?" என்று பாய் ஆரம்பிப்பார்.

"அட்ரஸ்ல நியர்னு போட்டிருக்குதுங்க பாய். நான் என்னங்க பண்றது?"

"நியரா? இவன் ஊடு எங்க இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? பஸ்ஸுல போய் எறங்கி, தேயிலைக் காட்டுக்குள்ள நடந்து, அட்டைக்கு ரத்தம் குடுத்து, அதுக்கப்பறம் இருக்குது! இவன் எனக்கு நியராம். என் கூடப் பொறந்த தம்பியே எனக்கு இத்தனை நியர் இல்லை!"

இப்படிக் கத்திவிட்டு, பார்சலை மழை படாத இடமாகப் பார்த்து வைப்பார். ஒருமுறை ஒரு டீச்சருக்கு ரோஜாச் செடிகள் வந்தன. டீச்சரோ லீவில் ஊருக்குப் போயிருந்தார். பாய் பெட்டியைப் பிரித்து, தினமும் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் திட்டினார். செடி பயந்துபோய்ப் பூத்தே விட்டது. டீச்சர் வந்து, "அட, பூத்திருச்சுங்களே!" என்று குதித்தபோது, "கொண்டு போங்க மொதல்ல, இடத்தை அடைச்சிக்கிட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு செடியை மட்டும் டீச்சர் அங்கேயே விட்டுப் போனார்.

சீசன் வந்தால் பாயின் ரத்தம் இன்னும் கொதிக்கும். காட்டேஜ்காரர்கள் எல்லோரும் இணையத்தில் 'ஊட்டிக்கு நியர்' என்று விளம்பரம் செய்துவிடுவார்கள். அதை நம்பிப் பணம் கட்டிய குடும்பங்கள் பஜாரில் காரை நிறுத்தி வழி கேட்கும். ஒருநாள் மழையில் ஒரு சென்னைக்காரர், பின்சீட்டில் மனைவியும் மாமியாரும் குளிரில் நடுங்க, பாயிடம் வந்து மாட்டினார்.

"இந்த காட்டேஜ் ஊட்டிக்கு நியர்னு போட்டிருக்கே சார், இன்னும் எவ்வளவு தூரம்?"

பாய் செல்போனை வாங்கிப் பார்த்தார். "நியர்தானுங்க. காக்காய்க்கு."

"என்ன சார்?"

"காக்காயாப் பொறந்திருந்தா இங்கிருந்து ஊட்டிக்கு றெக்கைய ரெண்டு தட்டு தட்டினா போயிரலாம். நீங்க கார்ல இல்ல வந்திருக்கீங்க! இந்த காட்டேஜுக்கு நீங்க இன்னும் எதிர்ப்பக்கமா எறங்கணும்."

அதோடு விட்டாரா? அந்த காட்டேஜ்காரருக்கே போன் போட்டார். "யோவ், ஊட்டிக்கு நியர்னா எந்த ஊட்டிய்யா? உன் ஊட்டி எங்கய்யா இருக்குது?" என்று பஜாரே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். சென்னைக்காரர் பயந்துபோய் ஒரு குடை வாங்கினார். பாய் அதற்கும் கோபித்தார். அவர் குடை விற்பதற்காகக் கத்தவில்லையாம்.

எனக்கும் ஆத்திரம் வந்து ஒருநாள் கேட்டேன். "ஏனுங்க பாய், நம்ம தமிழ்லயே பக்கம்னு இருக்குது, கிட்டன்னு இருக்குது. அப்புறம் எதுக்குத்தான் எல்லாரும் இந்த நியரைப் பிடிச்சுத் தொங்கறாங்க?"

"அங்கதாம்மணி சூட்சுமம் இருக்குது. பக்கம்னு சொல்லு, பட்டுனு கேப்பேன், எத்தனை பக்கம், நடந்தா எத்தனை நேரம்னு. நியர்னு சொல்லிட்டா வாய மூடிக்கறோம். இங்கிலீஷ்ல சொல்லிட்டான், திருப்பிக் கேட்டா நமக்குத் தெரியலைன்னு நெனைப்பானேன்னு! பொய் சொல்றவனுக்கு இதைவிட வாகான வார்த்தை ஏது?"

பார்சல் தொல்லையால் வந்த கோபம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதன் வேர் வேறு இடத்தில் இருந்தது என்பதை பாயம்மாதான் சொன்னார். பாய்க்கு ஒரே மகள், ஜமீலா. மாப்பிள்ளை பார்த்த காலத்தில் கல்யாணத் தரகர் ஒருவர் வந்து, கடைக்குப் பின்னால் பாயைக் கூட்டிக்கொண்டு போய், பள்ளத்துக்கு அந்தப்பக்கம் எதிர்மலையில் இருந்த ஓட்டு வீட்டைக் கைநீட்டிக் காட்டியிருக்கிறார்.

"அதோ தெரியுது பாருங்க பாய், அந்த ஊடுதான். மளிகைக்கடை வச்சிருக்காங்க, தங்கமான குடும்பம். நியர்தான். இங்கிருந்து கூப்பிட்டா புள்ளைக்குக் கேக்கும்."

ரோட்டில் போனால் ஊரைச் சுற்றி இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது பாய்க்கும் தெரியும். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறினால் குறுக்குப் பாதை இருக்கிறது என்றார் தரகர். பாதை இருந்தது, உண்மைதான். கல்யாணம் முடிந்து முதல்முறை மகளைப் பார்க்க அந்த வழியே இறங்கிய பாயைக் காட்டெருமை ஒன்று துரத்தி, ஒற்றைச் செருப்போடு திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பெல்லாம் பற்றிக்கொள்ளும்.

"கூப்பிட்டா கேக்குமாம்! கேக்கும், யார் இல்லைன்னா? கேட்டு என்ன பண்ண, வந்து சேர முடியுமா அவளால?" என்று பாய் ஒருநாள் எங்கள் ஆபீஸ் தராசைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

நான் இதையெல்லாம் கேட்ட வருஷம்தான் ஜமீலாவுக்குத் தலைப்பிரசவம். பிரஷர் வேறு ஏறிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள், வலி வந்தால் தாமதிக்கக் கூடாது என்று கோத்தகிரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வடகிழக்கு மழையும் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் அது பெய்தால் ரோடு எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகளை உடனே அனுப்பச் சொல்லி பாய் போன் போட்டார். சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. மருமகள் மேல் உயிர். அதனாலேயே பிரிய மனமில்லை.

"கடைசியில அனுப்பறேனுங்க சம்பந்தி. உங்க கடைப் பின்கதவைத் தெறக்கறது இங்க எங்க வாசல்ல இருந்து தெரியுது. நியர்தானே! வலி எடுத்தா கூட்டியாந்துட மாட்டமா?"

பாய் எகிறப் போகிறார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவரோ குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசினார்.

"சரிங்க சம்பந்தியம்மா. வெள்ளிக்கிழமை நம்மூட்டுல பிரியாணி. நியர்தானே, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. வேன் எதுக்கு, பஸ்ஸுலயே வந்துரலாம்."

அந்த அம்மா கோத்தகிரிக்கு வந்ததே ஒருமுறைதான், கல்யாணத்துக்கு வேனில், அதுவும் வாந்தி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டே. வழியைக் கண்ணால் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஜமீலாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, மாப்பிள்ளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். ஜும்மா தொழுகை முடிந்தது, பிரியாணி தம் இறங்கியது, சம்பந்தியம்மாவைக் காணோம். வழியில் மரம் விழுந்திருப்பதாக மாப்பிள்ளை போன் செய்தார். பிறகு இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். பிறகு போன் எடுக்கவில்லை. பாய் கடை வாசலில் நின்று, சம்பந்தி வந்ததும் சொல்ல வேண்டியதை என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிங்க சம்பந்தியம்மா, நியரா இருந்துதுங்களா?" இவ்வளவுதான் வசனம். அதை வாரம் முழுக்க மெருகேற்றியிருந்தார்.

இருட்டும் நேரத்தில் மாப்பிள்ளை கைத்தாங்கலாகக் கூட்டிவர, சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொண்டை வளைவு ஒவ்வொன்றிலும் குடல் வெளியே வந்துவிட்ட முகம். வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பு கூழாகியிருந்தது. பாய் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்குதா? ஒத்தப் பொம்பளப் புள்ளைய இத்தனை தொலைவுலயா கட்டிக் குடுப்பீங்க?"

பாய் தன் வசனத்தை அப்படியே விட்டுவிட்டார். "நீங்கதானுங்க நியர்னு..."

"எவன் சொன்னான் நியர்னு? கூப்பிடுங்க அவனை!"

அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரம் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து தரகரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்கள். பாயம்மா ஆறிப்போன பிரியாணியைச் சூடாக்கிப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார், "நாளைக்கே புள்ளைய கார்ல அனுப்பறேன். அந்த ரோட்டுல வலியோட கூட்டியாரதா? யா அல்லா, நெனச்சாலே ஈரக்கொலை நடுங்குது."

ஜமீலா மறுநாளே வந்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் மழை வலுத்து, எதிர்மலை ரோடு சரிந்து போக்குவரத்து நின்றது. ரோடு திறப்பதற்குள் அவளுக்கு வலி கண்டது. ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். அதை என்னிடம் சொல்ல வந்த பாய், பாதியில் நிறுத்திவிட்டு, மழைக்கோட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அதற்கு மேல் பார்சல் வேலை ஓடவில்லை.

நாற்பது நாள் கழிந்ததும் மாப்பிள்ளை வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பாய் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றிருந்தார்.

"அம்மணி, எனக்கு இப்பெல்லாம் பார்வை சரியில்லை. நீ பார்த்துச் சொல்லு. அந்த வாசல்ல நிக்கறது ஜமீலாதானே?"

பனி இறங்கியிருந்தது. எனக்கு வாசலும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை, எதிரே மலையே தெரியவில்லை.

"ஆமாங்க பாய், அவளேதான்," என்றேன். "புள்ளைக்குக் குல்லாகூடப் போட்டிருக்கா."